150 கிணறுகளின் மேல் ஒரு கோயில்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இந்தக் கல்லூரியில் படித்தது ஒரே ஒரு வருஷம்தான். 1965-66, பி.யூ.சி. "ஒரு வருஷம் படிச்சவனெல்லாம் பழைய மாணவனா?" என்று என் நண்பர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். இந்த வருஷம் சங்கத்தார் என்னையே பேசக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இனி கேட்கமாட்டார் என்று நம்புகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "பழைய ஆலயங்களின் கட்டிடக்கலை". நான் சமய அறிஞன் அல்ல, சரித்திர ஆசிரியனும் அல்ல. முப்பத்தைந்து வருஷம் பொதுப்பணித் துறையில் கட்டிடம் கட்டியவன். ஆகவே ஒரு எஞ்சினியரின் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கடைசியில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் வர ஒப்புக்கொண்டேன்.

என் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வரும்போது முருகன்குறிச்சி ஊசிக்கோபுரம் தெரிந்தால்தான் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வோம். கோயிலின் பெயர் பரிசுத்த திரித்துவ ஆலயம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு அது ஊசிக்கோபுரம், அவ்வளவுதான். பிரஷ்யா நாட்டிலிருந்து வந்த ரேனியஸ் ஐயர் 1826இல் அந்தக் கோயிலைக் கட்டினார். கோபுரம் அவர் காலத்தில் இல்லை. பின்னால் பெட்டிட் ஐயர் காலத்தில்தான் எழுந்தது. அதற்கும் முந்தியது கோட்டைக்குள் குளோரிந்தா அம்மையார் கட்டிய சின்னக் கோயில், 1785ஆம் வருஷத்தது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றால் இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் வழி காட்டும்.

தினமும் இந்த இரண்டு கோயிலையும் கடந்து போனேன். ஒரு நாளாவது நின்று, இந்தச் சுவர் எதனால் ஆனது, இது ஏன் விழாமல் நிற்கிறது என்று யோசித்ததில்லை. பதினாறு வயசில் யார் யோசிப்பார்கள்? அந்தக் கேள்வி எனக்கு வந்தது சென்னையில், வேறொரு கோயிலுக்கு முன்னால்.

1966இல் கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. தகரப் பெட்டியும் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையுமாக எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். நெல்லைக்காரனுக்கு மெட்ராஸ் என்றால் முதலில் எழும்பூர்தானே! அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம், வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு வெள்ளைக் கோபுரம். "அட, நம்ம ஊசிக்கோபுரம் இங்கேயும் வந்திட்டே!" என்று இருந்தது. அதுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். கிர்க் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் கோயில்.

இது பிரஸ்பிட்டேரியன் கோயிலாகக் கட்டப்பட்டது. நம் திருநெல்வேலிச் சீமையில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்கள்தான் வேலை செய்தன. அதனால் பிரஸ்பிட்டேரியன் என்ற சொல் நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. மூப்பர்கள் கூடி நடத்தும் சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராயர் கிடையாது. ஆராதனையின் நடுநாயகம் பிரசங்கம். கிழக்கிந்தியக் கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். "இங்கிலாந்துச் சபைக்குக் கோயில் இருக்கிறது, எங்களுக்கு இல்லையா?" என்பது அவர்கள் மனத்தாங்கல். 1813ஆம் வருஷத்துச் சாசனத்துக்குப் பிறகு கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் ஆளுக்கொரு கோயில் கிடைத்தது. மூன்றுக்கும் பெயர் செயின்ட் ஆண்ட்ரூஸ்தான். சென்னைக் கோயிலுக்கு 1818 ஏப்ரல் 6இல் அடிக்கல் நாட்டினார்கள். 1821 பிப்ரவரியில் திறந்தார்கள். மூன்று வருஷம்கூட ஆகவில்லை. இத்தனை வசதி இருந்தும் நம் கட்டிடங்கள் எத்தனை வருஷம் இழுக்கின்றன என்பது நான் வேலை பார்த்த துறையைப் பற்றிய விஷயம். அதை விட்டுவிடுவோம்!

கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலாண்ட், கம்பெனிப் படையின் எஞ்சினியர். செங்கல் வளைவில் பைத்தியம் பிடித்த மனிதர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செங்கல்லாலேயே நூறு அடிக்கு மேல் அகலமுள்ள ஒற்றை வளைவைக் கட்டி நிறுத்தியிருந்தார். அது 1930களில்தான் விழுந்தது. கிர்க்குக்கு அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டது லண்டனில் உள்ள செயின்ட் மார்ட்டின் கோயிலை. அதை வரைந்தவர் ஜேம்ஸ் கிப்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கிப்ஸ் முதலில் அந்தக் கோயிலை வட்டமாகத்தான் போட்டிருந்தார். செலவு தாங்காது என்று லண்டன்காரர்கள் வேண்டாமென்றுவிட்டார்கள். அவரும் சாதாரண நீள்சதுரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, வட்டத் திட்டத்தைத் தன் புத்தகத்தில் 1728இல் அச்சிட்டு வைத்தார். லண்டனில் கைவிட்ட அந்த வட்டம் ஏறக்குறைய 90 வருஷம் கழித்து எழும்பூரில் எழுந்தது!

வட்டம் என்பது அழகுக்காக மட்டும் அல்ல என்பது என் கருத்து. பிரசங்கம்தான் முக்கியம் என்றால் கேட்கிறவன் எல்லோரும் பிரசங்கியாருக்கு அருகில் இருக்க வேண்டும். நீளமான கோயிலில் கடைசி பெஞ்சுக்காரன் ரொம்பத் தூரத்தில் இருப்பான். (கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு அது வசதி என்பது வேறு விஷயம்.) கிர்க்கின் நடுக்கூடத்தின் குறுக்களவு 81.5 அடி. உள்ளே வட்டமாக 16 தூண்கள். அவற்றின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய குவிமாடம். அதன் உட்புறம் நீல நிறம், அதில் நட்சத்திரங்கள். ஸ்காட்லாந்தில் ராத்திரி வானத்தில் தெரியும் நட்சத்திரங்கள் என்று சொல்வார்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் வானம்! வெளியே கோபுரம் 166.5 அடி.

எங்கள் பேராசிரியர் ஒருவர் எங்களை அங்கே கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டார்: "ஏம்ப்பா, ஒரு சட்டியைக் கவிழ்த்து வச்சு மேலே அழுத்தினா என்ன ஆகும்?" விளிம்பு வெளியே விரியப் பார்க்கும் என்றோம். "இந்தக் குவிமாடமும் அப்படித்தான் விரியப் பார்க்கும். யார் பிடிச்சு நிறுத்தறது?" தூண்களுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சுற்றிவரும் வளைகூரையையும் கனத்த சுவரையும் காட்டினார். எல்லாம் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, அந்த அழுத்தத்தினாலேயே நிற்கிற கட்டிடம் அது. அந்தக் கூரையில் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் கிடையாது.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "சரி, இவ்வளவு கனமும் எங்கே போய் இறங்குது?"

இறங்குகிற இடம் கிணறு. அந்த நிலம் கூவத்துக்குப் பக்கம். களிமண், ஈரம். சாதாரணமாக வானம் தோண்டிக் கல் அடுக்கினால் கோபுரம் ஒரு பக்கம் சாயும். டி ஹாவிலாண்ட் நம் ஊர்க் கிணறு வெட்டுகிறவர்களைக் கொண்டுவந்தார். கோயில் வரும் இடம் முழுக்கச் சுமார் 150 கிணறுகளை இறக்கினார்கள். 14 அடி ஆழத்திலிருந்து 50 அடி ஆழம் வரை, மண் எங்கே கெட்டியாகிறதோ அதுவரை. அந்தக் கிணறுகளின் தலையில்தான் அந்தக் கிரேக்கத் தூண்களும் லண்டன் கோபுரமும் உட்கார்ந்திருக்கின்றன.

கிணறு இறக்குவது எப்படி என்று நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இன்றைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன். தரையிலே ஒரு வட்டச் சுவரைக் கட்டுவார்கள். ஆள் உள்ளே இறங்கிச் சுவருக்கு அடியில் உள்ள மண்ணை வாரி மேலே அனுப்புவான். சுவர் தன் கனத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே போகும். போகப் போக மேலே கட்டிக்கொண்டே வருவார்கள். மணல் பாங்கான இடத்தில் சுட்ட மண் உறைகளை இறக்குவார்கள். கீழடியில் தோண்டியபோது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய உறைகிணறுகள் கிடைத்தன அல்லவா, அதே வேலை. அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்காமல் கெட்டியாக நிரப்பிவிட்டால் அது அஸ்திவாரம். எங்கள் கல்லூரியில் 'வெல் ஃபவுண்டேஷன்' என்று இங்கிலீஷ் புத்தகத்தில் படித்தோம், ஏதோ சீமையிலிருந்து வந்த வித்தை மாதிரி. ரயில் பாலங்களுக்கெல்லாம் இன்றைக்கும் அதுதான். கிர்க்குக்குக் கீழே போய்ப் பார்த்தால் அந்த வித்தை தெரிந்த கை யாருடையது என்பது புரியும். அந்த ஆட்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மேலே பூச்சும் நம்முடையதுதான். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று வெள்ளைக்காரன் வாய் பிளந்த சமாசாரம். கடற்சிப்பியைச் சுட்டு நீற்றி, வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டையின் வெள்ளைக் கருவெல்லாம் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கிர்க்கின் உள்ளே இருக்கும் தூணைத் தடவிப் பார்த்தால் பளிங்கு என்றுதான் சொல்வீர்கள். உள்ளங்கைக்கு ஜில்லென்று இருக்கும்.

இங்கே இன்னொரு ஆளைச் சொல்லாமல் போக முடியாது. 1838 ஜனவரியில் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கினார் 23 வயசு ராபர்ட் கால்டுவெல். அப்போது கிர்க் திறந்து 17 வருஷம் ஆகியிருந்தது. அவருடைய தாய் தகப்பன் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்கள். அவரோ இங்கே வந்தபின் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, 1841இல் நடந்தே வந்து நம் இடையன்குடியில் குடியேறினார். பின்னாளில் பேராயரும் ஆனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு கோயிலும் கட்டினார். செம்மண் தேரியும் பனையும் தவிர வேறில்லாத ஊரில், 1847இல் ஆரம்பித்து 1880 ஜூலையில் முடித்தார். முப்பத்து மூன்று வருஷம்!

கிர்க் மூன்று வருஷம், இடையன்குடி முப்பத்து மூன்று வருஷம். அங்கே கம்பெனியின் பணம். இங்கே பனையேறிகள் கொடுத்த காசும் வெளியிலிருந்து வந்த நன்கொடையும், வந்தபோது வேலை, வராதபோது நிறுத்தம். அங்கே வட்டம், இங்கே நீண்ட கோதிக் கோயில், கூரான வளைவு, பின்னல் வேலை செய்த ஜன்னல். அப்படி ஒரு ஜன்னலை நம் கொத்தனார்கள் கண்ணால் பார்த்ததில்லை. கால்டுவெல் களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டுவார். அதைப் பார்த்து அவர்கள் செதுக்குவார்கள். இலக்கணம் எழுதிய விரல்கள்! 1891இல் கொடைக்கானலில் இறந்தவரைக் கொண்டுவந்து அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

வடிவத்தில் இந்தக் கோயில்களுக்குள் சம்பந்தமே கிடையாது. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிற சுண்ணாம்பு மட்டும் ஒன்றுதான். நம் தாமிரபரணி மேல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்த பாலம், 1843இல் திறந்தது, 11 வளைவுகள், அதுவும் சுண்ணாம்புதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு எப்படி வந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். பாலம் நிற்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1983. நான் துறையில் கொஞ்சம் மேலே வந்திருந்தேன். என் தாய்மாமன் ஊரில், ஆற்றுக்குத் தெற்கே, சுமார் நூறு வருஷத்துக் கோயில் ஒன்று. ஊர் பெயர் வேண்டாம். சுவரில் இடுப்பு உயரம் வரை ஈரம் ஏறி, காரை பெயர்ந்து கிடந்தது. "மருமகன் எஞ்சினியரு, அவனைக் கேளுங்க" என்று மாமா சொல்லியிருக்கிறார். கோயில் கமிட்டியார் என்னை அழைத்துப்போய்க் காட்டினார்கள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பழைய பூச்சை எல்லாம் கொத்திப் போட்டுட்டு நல்லா சிமெண்டு பூசுங்க" என்றேன். சிமெண்டுக்குப் பஞ்சமா? 1949 முதல் தாழையூத்தில், நம் வாசலிலேயே ஆலை ஓடிக்கொண்டிருந்ததே!

வயசான கொத்தனார் ஒருவர் மட்டும் தயங்கினார். "ஐயா, தப்பா நெனைக்கப்பிடாது. இது காரைச் சொவரு. மூச்சு விடணும்யா. சிமெண்டு வச்சு அடைச்சிரப்பிடாது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வச்சு, சுண்ணாம்பு அரைச்சு நான் பூசித் தாரேன்."

நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் அவர் பார்த்தார். "அதெல்லாம் அந்தக் காலம், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடி பேசவில்லை. நான் சொன்னபடி அவரே பூசிக் கொடுத்தார்.

நடந்தது இதுதான். மண்ணிலிருந்து ஈரம் எப்போதும் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே காற்றில் விட்டுவிடும். நம் வெயிலுக்கு அன்றன்றைக்கே காய்ந்துவிடும். சிமெண்டுப் பூச்சு போட்டதும் அதற்கு வழி அடைபட்டது. வெளியே வர முடியாத ஈரம் மேலே போயிற்று. மூன்று மழைக்காலத்தில் இடுப்பளவு இருந்தது நெஞ்சளவாயிற்று. உப்புப் பூத்துச் சிமெண்டு பாளம் பாளமாகக் கழன்றது, கூடவே பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு. மறுபடி சிமெண்டு பூசினார்கள். மறுபடி விழுந்தது. "கோயில் வலு இழந்துபோச்சு" என்று ஊரில் பேச்சு கிளம்பியது. 1994இல் கமிட்டி கூடி இடித்துவிடத் தீர்மானம் போட்டது.

இடிக்கிற அன்றைக்குப் போயிருந்தேன். கொத்தனார் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் மகன் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தான். கடப்பாரை நங் நங்கென்று துள்ளுகிறது. மேலே ஒரு விரற்கடை பொடிந்திருந்ததே தவிர, உள்ளே சுவர் கருங்கல் மாதிரி. சுண்ணாம்புக் காரை காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி வாங்கி வருஷக்கணக்கில் மறுபடி கல்லாகிக்கொண்டே இருக்கும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அந்தப் பையன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "எண்ணாச்சி, கட்டுததுக்குக் கூலி கேட்டத விட இடிக்கதுக்கு ஜாஸ்தி கேக்கணும் போலுக்கே!"

இடித்து முடிக்க நாலு நாள் என்று பேசியது பதினொரு நாள் ஆயிற்று. புதுக் கோயில் கான்கிரீட். நன்றாகத்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் ஆராதனை நடந்தால் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. பழைய கோயிலில் ஃபேன் கிடையாது, தேவைப்படவும் இல்லை.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது ஏதாவது ஒரு கோயில் கமிட்டியில், அல்லது ஊர்த் தர்மகர்த்தா குழுவில், பள்ளிவாசல் ஜமாஅத்தில் இருப்பீர்கள். அங்கேயும் பழைய கட்டிடம் சுண்ணாம்புதான். நூற்றாண்டு விழா, இருநூறாவது ஆண்டு விழா என்று வரும்போதுதான் ஆபத்து. "விழாவுக்கு முன்னாடி புதுப்பிச்சிரணும்" என்று கையில் பணத்தோடு கிளம்புவோம். அப்போது மூன்று காரியம் பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா, சுவரைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டு ஈரத்தை உள்ளே தள்ளியிருக்கிறோமா, கோபுர வெடிப்பில் அரசஞ்செடி முளைத்திருக்கிறதா. பெரும்பாலான வியாதி இந்த மூன்றுக்குள் இருக்கும். பூச்சு போட்டே ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்பு கேளுங்கள். செலவு கூடும், நாள் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. அரைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். தேடிப் பிடிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, எந்த அளவு, எத்தனை நாள் ஊறல், எந்தப் பதம் என்று கேட்டு எழுதி வையுங்கள். கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. நான் எழுதி வைக்காமல் விட்ட ஒருவர் போய்விட்டார். அவர் கடுக்காயை எத்தனை நாள் ஊற வைப்பார் என்று அவர் மகனுக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, பிரியாணி வாசனையும் வந்துவிட்டது. மேஜை மேல் மஞ்சள் துணி போட்டு மூடி ஒன்று வைத்திருக்கிறேனே, என்னவென்று செயலர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அது 1994இல் அந்த இடிபாட்டிலிருந்து நான் எடுத்துவந்த செங்கல். ஒரு பக்கம் பழைய காரை அப்படியே ஒட்டியிருக்கிறது, இன்னொரு பக்கம் என் சிமெண்டு. இவ்வளவு நாள் என் வீட்டு அலமாரியில் இருந்தது. இனி நம் கல்லூரியிலேயே இருக்கட்டும் என்று முதல்வர் அவர்களிடம் கொடுக்கிறேன். பந்திக்குப் போகும்போது இரண்டு பக்கத்தையும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.